உப்பு லாரியைத் தேடி சுங்குவார்சத்திரம் வரை

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். இந்தப் பயணம் நடந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு சண்டை. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றிய சண்டை.

'தகரக்கூரை' என்ற ராக் குழுவை இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்கு: நான்கு பேர், தமிழில் பாடுகிறார்கள், இரண்டு ஆல்பம், மூன்று வருடங்களாக மேடை ஏறவில்லை. போன மாதம் மறுபடி ஊர் ஊராகக் கிளம்பப் போவதாக அறிவித்தார்கள். ஐந்து ஊர்கள் முடிவாகிவிட்டன. ஆறாவது ஊரை மட்டும் ரசிகர்கள் கேட்டுப் பெறலாம். மண்டபத்தைக் காட்ட வேண்டும். கூட்டத்தைக் காட்ட வேண்டும். குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

கேட்ட ஊர்களில் ஒன்று சுங்குவார்சத்திரம். ஆமாம், காஞ்சிபுரம் போகிற வழியில் பஸ் நின்றால் டீ குடிப்போமே, அதே இடம்.

அந்த வட்டாரத்து ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயர் 'தகரம், ஒரகடம் கிளை'. கட்சிக் கிளை மாதிரியேதான் நடக்கும். இரண்டு மாதங்களாக அதில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். எழுத்தை விடக் குரல் பதிவுகள் அதிகம். பின்னணியில் கம்பெனி பஸ்ஸின் இன்ஜின். சில சமயம் கேட்டில் அட்டை வைக்கும்போது வரும் 'டிட்'. ஒருத்தி வாக்கியத்தை முடிப்பதற்குள் "போனை உள்ள வைங்கம்மா" என்று செக்யூரிட்டி சொல்வதும் பதிவாகியிருக்கும்.

சண்டை 'உப்பு லாரி' பற்றியது. பதினொரு நிமிடப் பாட்டு, இரண்டாவது ஆல்பத்தின் கடைசி. கிளையில் ஒரு கட்சி, அது லாரி ஓட்டுகிற ஆண் பாடும் பாட்டு, பெண் குரலே கிடையாது என்றது. இன்னொரு கட்சி, உப்பளத்துப் பெண் பாடும் பாட்டு, ஆண் குரலா, எங்கே இருக்கிறது காட்டு என்றது. இரண்டும் இருக்கிறது என்று சொல்ல மூன்றாவது அணியும் ஒன்று உண்டு. மூன்றாவது அணிகளுக்கு வழக்கமாக என்ன மரியாதையோ அதுதான் கிடைத்தது.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பாட்டில் இரண்டு குரல்களும் தெளிவாகவே இருக்கின்றன. பெண் குரல் தந்தவர் குழுவை விட்டுப் போய்விட்டார், அதனால் இனி மேடையில் அதைப் பாடப் போவதில்லை என்று குழுவே சொல்லிவிட்டது. அப்படியிருக்க ஒரு வட்டாரமே எப்படி இப்படிப் பிரிந்து நிற்க முடியும்? நான் கேட்கும் அதே பாட்டைத்தான் இவர்களும் கேட்கிறார்களா?

குழுவின் ஆள் வரப்போவது ஞாயிறு காலை பத்தரைக்கு என்று கிளையில் தகவல் வந்தது. கிளம்பிவிட்டேன்.

போரூரிலிருந்து குன்றத்தூருக்கு 6.50 பஸ். பதினைந்து ரூபாய், அரை மணி நேரம். நேராகப் பூந்தமல்லி போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சீக்கிரம் போகலாம். நான் குன்றத்தூர் வழியைத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலுக்கு வருகிற கூட்டமும் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிற கூட்டமும் ஒரே டீக்கடையில் நிற்கும். ஒரு பக்கம் திருநீறு, ஒரு பக்கம் கழுத்தில் அடையாள அட்டை. சிலரிடம் இரண்டும்.

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சுமார் பத்தொன்பது கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஏரி. செங்கல். குடோன். மறுபடி ஏரி. சாலைக்கு நடுவில் மாடு, அதற்குப் பின்னால் பொறுமையாக ஒரு கண்டெய்னர் லாரி. ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் ஆடிக்கூழ், ஒவ்வொரு கோயிலுக்கும் இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஒரு ஊரின் பாட்டு முடிவதற்குள் அடுத்த ஊரின் பாட்டு ஆரம்பித்துவிடும். காதில் ஹெட்போன் மாட்டுவதில் பயனில்லை. 8.20க்கு இறங்கினேன்.

அங்கிருந்து சுங்குவார்சத்திரம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். ஓட்டுநர் என் தோள் பையைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இன்டர்வியூவா?"

"இல்லண்ணா, ஒரு பாட்டு நிகழ்ச்சி."

"கூழு ஊத்துற எடத்துலயா?"

"கல்யாண மண்டபத்துல."

"ஆடியில கல்யாணமா?" வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். "ஏமாந்துகினு போற தம்பி. எதுக்கும் ரிட்டனுக்கு என் நம்பரு வச்சிக்க."

வைத்துக்கொண்டேன்.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை. ஏற்கனவே ஏழெட்டுப் பேர். மூன்று பேர் அணிந்திருந்த கறுப்புச் சட்டையில் தகரக்கூரையின் படம், அவர்களே அச்சடித்தது, கூரை கொஞ்சம் சாய்ந்திருந்தது. நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் கோபி. குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். மண்ணூர்க்காரர். குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது, வேலை ஒரகடத்தில் கார் கதவு செய்யும் கம்பெனியில். ஆண் குரல் கட்சியின் தலைவர்.

நான் யாரென்று சொன்னதும் சிரித்தார். "ஓ, நீதானா அது? ரெண்டு மாசமா ஊமையாட்டம் கீறியே. உளவுத்துறைன்னு நெனச்சிகினு இருந்தோம்பா."

டீ பன்னிரண்டு ரூபாய். அவர் கொடுக்கவிடவில்லை.

அங்கே பேச்சு 'பாதி தூக்கம்' என்ற பாட்டைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. மெதுவான பாட்டு. கச்சேரி கிடைத்தால் எந்தப் பத்துப் பாட்டைக் கேட்பது என்று பட்டியல் போடுகிறார்கள். கோபி அதை நீக்கச் சொல்கிறார். பக்கத்தில் நின்ற ஒல்லியான இளைஞன் விடவில்லை.

"போன வாரம் நீதான சொன்ன, அந்தப் பாட்டு இல்லன்னா பேண்டே இல்லன்னு?"

"போன வாரம் நான் சி ஷிஃப்ட்பா. காலையில ஆறு மணிக்கு வூட்டுக்குப் போறப்போ அத்தக் கேட்டா கண்ணுல தண்ணி வரும். இந்த வாரம் ஏ ஷிஃப்ட். காலையில போய் லைன்ல நிக்கணும். அப்போ அதக் கேட்டா தூக்கந்தான் வரும்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் மறுபடி நல்ல பாட்டுதான். இப்போ வாணாம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் இது நியாயமான வாதமாகவே பட்டது. பாட்டு அப்படியே இருக்கிறது, கேட்பவர்தான் வாரம் ஒரு முறை இடம் மாறுகிறார். நூல்களில் நான் படித்த எந்த இசை விமர்சனத்திலும் ஷிஃப்ட் அட்டவணை இணைக்கப்பட்டதில்லை. இணைத்திருக்க வேண்டும்.

மண்டபம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கோபியின் பைக்கில் போனேன். அவர் காதில் ஒரே ஒரு இயர்போன், இடது. வலது தொங்கிக்கொண்டிருந்தது.

"அது செத்துப்போயி ஒரு வருஷம் ஆவுது. ரோட்டுல இன்னோரு காது சும்மா இருக்குறதும் நல்லதுதான், ஆர்ன் கேக்கும்ல. வண்டில போற நம்ம பசங்க எல்லாரும் அப்படித்தான், எடது காது மட்டும்."

அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மண்டபத்து வாசலில் வாடகை வேன்கள் வந்து நின்றன. ஹாஸ்டல் பெண்கள். பெரும்பாலும் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். முதல் வேனிலிருந்து குதித்தவள் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கம். இருபத்து மூன்று வயது இருக்கும். சாவிக்கொத்தோடு ஒரு விசில் கட்டியிருந்தாள். பெண் குரல் கட்சியின் தலைவி. குரல் பதிவுகளில் மிரட்டுவாள், நேரில் அதைவிட.

"கோபிண்ணே, இன்னைக்கு ஸ்பீக்கர்ல போடப் போறாக. பொம்பளக் குரல் வந்ததும் மண்டபத்துல எல்லாரு முன்னாடியும் தோத்துட்டேன்னு சொல்லணும், பாத்துக்கோங்க."

"வந்தாதான முத்து!"

அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். ஒட்டி ஒட்டி, ஒரே காலடியில். இருவருக்கும் நடுவில் ஒரு இயர்போன் ஒயர். ஆளுக்கு ஒரு காது. பின்னால் இன்னும் இரண்டு பேர், அதே மாதிரி. இன்னும் இரண்டு.

அங்கேயே நின்றுவிட்டேன்.

முத்துவிடம் கேட்டேன். பாட்டுக் கேட்க இவர்களுக்குக் கிடைப்பது பஸ் பயணம் மட்டும்தான். கம்பெனிக்குள் போன் கிடையாது. ஹாஸ்டல் அறையில் எட்டுப் பேர், வெவ்வேறு ஷிஃப்ட், எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டால் தலையணை பறக்கும். பஸ்ஸில் இருவர் இருவராக ஒரு போன், ஒரு ஒயர். போன் யாருடையதோ அவளுக்கு இடது. தோழிக்கு வலது. ஒரு வருடமாக அதே சீட், அதே தோழி, அதே காது.

"நீங்க?"

"எனக்கு எப்பவும் வலதுதான். ஏன் கேக்குதீங்க?"

'உப்பு லாரி'யில் ஆண் குரல் முழுக்க இடது பக்கம் பதிவு செய்யப்பட்டது. பெண் குரல் முழுக்க வலது. ஒருவர் பாடும்போது மற்றவர் இருக்க மாட்டார். ஒரு காதில் மட்டும் கேட்டால் ஒரு குரலும், நடுவில் நீளமான இடைவெளிகளும் வரும். இவர்கள் அந்த இடைவெளிகளையும் பாட்டாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "அங்க கிடார் மட்டும் தனியா போகும் பாருங்க" என்று முத்து ஒருமுறை மூன்று நிமிடம் பேசியிருந்தாள். அவ்வளவு அழகான பேச்சு. அந்த இடத்தில்தான் ஆண் பாடுகிறான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஸ்பீக்கரில் போடப் போகிறார்கள்.

குழுவின் சார்பில் வந்தவர் நிவேதா. பயண ஏற்பாடுகள் எல்லாம் அவர் கையில். பத்தரைக்குச் சரியாக வந்தார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், ஜெனரேட்டர் அறையைப் பார்த்தார், மேடையில் நின்று கை தட்டி எதிரொலியைக் கேட்டார். முகத்தில் எதுவும் இல்லை. முத்து அவர் பின்னாலேயே நடந்தாள்.

"மேடம், எங்களுக்கு ஞாயித்துக்கெழம காலையில ஒம்பதுல இருந்து மதியம் ரெண்டு வரைக்குந்தான் வெளிய விடுவாக. மத்த நாளு ஏழு மணிக்குக் கேட்டு சாத்திருவாக. சென்னையில நீங்க ஆரம்பிக்கதே ஏழு மணிக்கு. அதனால இங்கதான் வைக்கணும், காலையிலதான் வைக்கணும்."

"காலையில ராக் ஷோவா? எங்க டிரம்மர் மதியம் பன்னெண்டுக்கு முன்னாடி எழுந்து நான் பார்த்ததில்லம்மா."

"நாங்க எழுப்பி விடுதோம் மேடம். மூணரை மணிக்கு எந்திரிச்சிப் பழக்கம்."

நிவேதா சிரித்தார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் பை அவரையும் ஏமாற்றியிருக்க வேண்டும். பத்திரிகையா என்று கேட்டார். பயண வலைப்பூ என்றேன்.

"அப்போ இப்போதைக்கு எழுதிடாதீங்க. இங்க முடியாது. கரண்ட் நம்ப முடியாது, காலை நேரம் ஒத்து வராது, போன தடவை ஒரு ஊர்ல கூட்டம் தள்ளி தடுப்பே விழுந்துச்சு, அதுல இருந்து எங்களுக்கே பயம். கேட்ட ஊருக்கெல்லாம் நேர்ல வந்து இல்லைன்னு சொல்றதுதான் மரியாதைன்னு நெனச்சேன். அதான் வந்தேன்."

இருநூறு பேர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். முத்து முன்வரிசையில் எல்லாரையும் நெருக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள், கூட்டம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்று. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

11.25க்குப் பாட்டைப் போட்டார்கள். அம்மன் கோயிலுக்கு மைக்செட் போடுகிறவர்தான் ஏற்பாடு. காலையில் கூழ் ஊற்றி முடித்த கையோடு ஸ்பீக்கர்களை இங்கே கொண்டுவந்திருந்தார்.

கிடார். பிறகு ஆண் குரல்.

*உப்பு ஏத்தி வந்த வண்டி
ஒரு ஊர்லயும் நிக்கல*

"கேட்டியா முத்து!" கோபி எழுந்தே விட்டார். ஆண்கள் பக்கம் விசில். முத்துவின் முகம் இறுகியது.

அடுத்து இடைவெளி வர வேண்டும். கோபி அந்த இடைவெளிக்குத் தலையாட்டத் தயாரானார். அங்கே பெண் குரல் வந்தது.

*நின்னா கரையும்னு சொன்னியே
மழைதான் இன்னும் வரலயே*

கோபி நின்றபடியே இருந்தார், கை பாதி உயர்ந்து. முத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் ஒன்று சொல்கிறான். அவள் பதில் சொல்கிறாள். மறுபடி அவன். ஒரு வருடம் கேட்ட பாட்டு, அதற்குள் இன்னொரு ஆள் இவ்வளவு நாளும் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒயரைப் பகிர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவள் தொடையில் அடித்தாள். "ஏட்டி, நீ இதத்தான் கேட்டுட்டு இருந்தியா? சொல்லவே இல்ல!"

ஆறாவது நிமிடத்தில் கரண்ட் போனது.

நிவேதா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்கிற பார்வை. வெளியே ஜெனரேட்டரை முடுக்கினார்கள். அது இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை கறுப்பாகப் புகையைக் கக்கியது. பக்கவாட்டு ஜன்னல் வழியாக அந்தப் புகை முழுவதும் மண்டபத்துக்குள் வந்தது.

நீளமாக ஒரு விசில்.

அடுத்து நடந்ததை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். இருநூறு பேரும் எழுந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் கத்தவில்லை. பைகளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, இரண்டு வாசலுக்கும் இரண்டு வரிசையாகப் பிரிந்து, சுவர் ஓரமாக நடந்து வெளியே போய்விட்டார்கள். முத்து கடைசி ஆளாக வாசலில் நின்று கழிவறைக் கதவைத் தட்டிப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் தனியாச் சொல்லணுமா? வெளிய வாங்க!"

போனோம். வேன்கள் நிற்கும் மைதானத்தில் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஹாஸ்டல்வாரியாகப் பெண்கள், கம்பெனிவாரியாக ஆண்கள். ஒவ்வொரு வரிசையின் முன்னாலும் ஒருவர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாக் கம்பெனியிலும் மாதா மாதம் தீ ஒத்திகை நடக்குமாம். முத்து அவள் கம்பெனியில் அந்த ஒத்திகையை நடத்தும் குழுவில் இருக்கிறாள். விசில் அதனால்தான்.

ஐந்து நிமிடத்தில் புகை அடங்கியது. மைக்செட்காரர் வந்தார். "ஒண்ணும் இல்லம்மா, டீசல்ல தண்ணி கலந்துகீது. உள்ள போங்க."

யாரும் அசையவில்லை.

நிவேதா முத்துவிடம் போனார். "ஏம்மா, போலாமே?"

"ஆபத்து இல்லன்னு ஆல் கிளியர் குடுக்கணும் மேடம். அது இல்லாம யாரும் வர மாட்டாக."

"யாரு குடுக்கணும்?"

"பொறுப்புல இருக்கவுக."

"பொறுப்புல யாரு இருக்கா?"

முத்து கொஞ்சம் யோசித்தாள். "ப்ரோக்ராம் உங்களுது. நீங்கதான்."

"நான் இன்னும் ப்ரோக்ராமே ஒத்துக்கலையேம்மா!"

"அப்போ வெளியவே நிக்கோம்."

தந்திரம் எதுவும் இல்லை அவள் குரலில். அவளுக்கு அது விதி. வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, எல்லாரும் சிரித்து, நிவேதாவும் சிரித்து, ஆனாலும் ஒருவரும் உள்ளே போகவில்லை. நல்ல வெயில்.

சும்மா எவ்வளவு நேரம் நிற்பது? கோபியின் வரிசையிலிருந்து ஆரம்பித்தது. பாதியில் நின்ற பாட்டு. ஆறாவது நிமிடம், லாரிக்காரன் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பும் இடம். முப்பது நாற்பது ஆண் குரல்கள். சுருதி என்று எதுவும் இல்லை. நான்கு வரி பாடி நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டில் அங்கே இடைவெளி.

பெண்கள் வரிசையிலிருந்து முத்து பாடினாள். ஒருத்தியாக. அடுத்த வரியில் வலது காதுக்காரிகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு வரி. நிறுத்தினார்கள். அவர்களுக்கு அங்கே இடைவெளி.

ஆண்கள்.

பெண்கள்.

பார்த்துப் பாட யாரிடமும் எதுவும் இல்லை. எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது என்று யாரும் யோசிக்கவில்லை. இவன் மௌனம் எவ்வளவு நீளமோ சரியாக அவ்வளவு நீளத்துக்கு அவளிடம் பாட்டு இருந்தது. ஒரு வருடம் தினமும் இரண்டு வேளை மனப்பாடம் செய்த மௌனம். போன் வைத்திருக்கும் இடது காதுப் பெண்களுக்கு ஒரு கணம் குழப்பம், பிறகு அவர்கள் ஆண்களோடு சேர்ந்து லாரி ஓட்டினார்கள். ஒல்லி இளைஞன் வேனின் தகர உடம்பில் தாளம் தட்டினான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேருக்கு அல்ல, நிஜமாகவே. கையைப் பார்த்துக்கொண்டேன்.

நிவேதா போனை உயர்த்திப் பிடித்திருந்தார். பதிவு செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அழைப்பில் இருந்தார். பாட்டு முடிந்ததும் காதில் வைத்தார்.

"எழுந்திட்டியா? கேட்டியா? ... இல்ல, ஆர்ட்டிஸ்ட் யாரும் இல்ல. ஆடியன்ஸ். ... ஆமா, வலது பக்கம் முழுசும், கடைசி வரி வரைக்கும். ... அதான் நானும் சொல்றேன். பாட ஆளில்லன்னுதானே அந்தப் பாட்ட விட்டோம்? ... காலையிலதான். ... பத்தரை. ... இவங்க மூணரைக்கு எழுந்திருக்கிறாங்க, நீ எட்டுக்கு எழுந்தா செத்துட மாட்ட."

போனை அணைத்தார். வரிசைகளைப் பார்த்தார். முத்து சாவிக்கொத்திலிருந்து விசிலைக் கழற்றி நீட்டினாள்.

"ரெண்டு தடவ சின்னதா ஊதணும் மேடம். அப்புறம் சத்தமாச் சொல்லணும்."

இரண்டு முறை ஊதினார்.

"ஆல் கிளியர்! புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில பத்தரை மணி. 'உப்பு லாரி' இங்க மட்டுந்தான் பாடுவோம். வலது பக்கம் நீங்கதான் பாடணும்!"

வரிசைகள் அப்போதுதான் உடைந்தன. கத்தல், விசில், யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். கோபி என்னைக் கட்டிப்பிடித்தார், நான் எதுவுமே செய்யாமல். முத்து மட்டும் கத்தவில்லை. நிவேதாவின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எத்தன மணிக்கு முடியும்? ஒண்ணே காலுக்கு முடிஞ்சிருமா? அப்போ கேட்டுக்கு ஒண்ணே முக்காலுக்குப் போயிரலாம்." நிவேதா முடியும் என்றதும்தான் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. நான் அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனால், சிரிப்பு.

ஒரு காதில் பாதிப் பாட்டைக் கேட்பது ஏழ்மை என்றுதான் காலையில் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நல்ல ஹெட்போனில் நான் இரண்டையும் கேட்டேன், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததில்லை. அந்த இடத்தில் அவர்கள் ஒரு வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். சண்டையும் போட்டிருக்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. திரும்பும் வழியில் கிளையில் புதிய தலைப்பு: பாட்டின் கடைசியில் லாரி நிற்கிறதா இல்லையா.

போக நினைப்பவர்களுக்கு. தேதியும் டிக்கெட் விவரமும் தகரக்கூரையின் பக்கத்தில் வந்துவிட்டன. காலை நிகழ்ச்சி என்பதால் சென்னையிலிருந்து ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ் பெரும்பாலும் சுங்குவார்சத்திரத்தில் நிற்கும், ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிலது பாலத்தின் மேலே பறந்துவிடும். தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் படப்பை வழியாக ஒரகடம் வந்து, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் மாறி வரலாம். பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய் கேட்பார்கள், அறுபதுக்கு வருவார்கள். டிபனை பஸ் நிறுத்தத்திலேயே முடித்துவிடுங்கள், மண்டபத்துக்கு அருகில் கடை கிடையாது. தண்ணீர் கொண்டுபோங்கள். புரட்டாசி வெயிலை நம்ப முடியாது.

மதியம் ஒன்றே காலுக்கு நிகழ்ச்சி முடிந்ததும் வேன்கள் முதலில் வெளியேற வழி விடுங்கள். உங்களுக்கு அவசரம் இல்லை. அவர்களுக்குக் கேட் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. முன்பதிவு செய்யும்போது மண்டபத்தின் இடது பாதி மட்டும்தான் காட்டும். தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து நானும் நான்கு முறை முயன்றேன். கோளாறு இல்லை. வலது பக்க நாற்காலிகள் விற்பனைக்கு இல்லை.